கிறிஸ்துமஸ் பந்திக்கு எந்த ஒயின்? நந்திமலைப் பக்கத்து நாலு புதுப் பாட்டில்கள்

எங்கள் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு இந்த வருடம் கர்நாடகப் பக்கம், பெங்களூருக்கு அருகே சந்தாபுராவில், அண்ணன் வீட்டில். எலத்தகிரியிலிருந்து ஒரு வேன், கிருஷ்ணகிரியிலிருந்து எங்கள் கார், மொத்தம் இருபத்திரண்டு பேர். சமையல் அண்ணி பொறுப்பு. கேக் தங்கச்சி கொண்டுவருகிறாள். ஒயின் என் தலையில் விழுந்தது. மாம்பழக்கூழ் ஆலையில் பதினாறு வருடமாகத் தரப் பரிசோதனை பார்க்கிறேன், அதனால் என் நாக்கை நம்பலாமாம். வருடத்தில் நாலைந்து தடவைக்கு மேல் நான் ஒயினைத் தொடுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கே வாங்குவது என்பதை அண்ணனே முடிவு செய்துவிட்டார். நந்திமலைக்கும் தொட்டபள்ளாபூருக்கும் நடுவே, அப்பா, மகன், மருமகள் மூவரும் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன ஒயின் ஆலை. பெயரைப் போடவில்லை, விளம்பரம் ஆகிவிடும். மழை ஓய்ந்து பண்டிகைகள் வரும் நேரத்தில் அந்த வருடத்து அறுவடையின் புது ஒயின்களை வெளியே விடுவார்கள். தீர்ந்துபோனால் அடுத்த வருடம்தான். இந்த முறை நாலு வகை. நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை போய் நாலையும் ருசி பார்த்துவிட்டு வந்தேன். வண்டி ஓட்டியது மச்சான், அவனுக்குத் திராட்சைச் சாறு மட்டும்.

விருந்து ஏன் சந்தாபுராவில் என்றால், ஒயின் அதற்கு ஒரு காரணம். தமிழ்நாட்டில் 2003 கடைசியிலிருந்து சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அங்கேயும் ஒயின் கிடைக்காமல் இல்லை. ஆனால் இப்படிக் கொஞ்சமாகப் போடும் குடும்பத்தின் பாட்டில் அங்கே வந்து சேராது. கர்நாடகத்தில் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வரலாமே என்று நினைத்தால், எல்லையில், ஜூஜுவாடியில் மாட்டினால் பாட்டிலோடு வண்டியும் போனாலும் போகும். அதனால் எங்கள் வீட்டில் ஒரே விதி: பாட்டில் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டாது. அங்கேயே திறந்து, அங்கேயே குடித்து, குடிக்காதவர் ஓட்ட, வீடு திரும்புவது.

எத்தனை பாட்டில் என்பதையும் முதலிலேயே கணக்குப் போட்டேன். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். இருபத்திரண்டு பேரில் சின்னப் பிள்ளைகள், சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெரியப்பா, மாசமாக இருக்கும் தங்கச்சி, ஓட்டுகிறவர்கள், வேண்டாம் என்பவர்கள் போக மிஞ்சுவது பதினொரு பேர். ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் ஐந்து பாட்டில் போதும். ஒன்று கூடுதலாக வைத்துக்கொண்டு ஆறு. அண்ணன் பன்னிரண்டு சொல்லியிருந்தார். பன்னிரண்டு வாங்கினால் மிச்சம் ஆறையும் அன்றைக்கே தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். நாங்கள் போனபோது கொடியில் பிஞ்சு கடுகு அளவில்தான் இருந்தது. இலைகளின் மேல் வெளிர்நீலப் பொடி. முந்தின நாள் தூறல் விழுந்திருக்கிறது, அடிச்சாம்பல் நோய் வந்துவிடுமென்று மருந்தடித்திருக்கிறார்கள். பெரியவரிடம் என்ன மருந்து என்றேன். "போர்டோ கலவைதான், வேற என்ன?" என்றார். மயில்துத்தமும் சுண்ணாம்பும். நம் பக்கத்து விவசாயிகள் எத்தனை வருடமாகச் சொல்லும் பெயர் அது. போர்டோ என்பது பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன ஊர், 1880-களில் அங்கே திராட்சைக் கொடியைக் காப்பாற்றத்தான் இந்தக் கலவையே வந்தது. ஒயினைக் கண்ணால் பார்க்காதவர்களும் அந்த ஊர்ப் பெயரை உரக்கடையில் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறோம்.

பிரான்சில் குளிர்காலம் வந்தால் கொடி தானே உறங்கிவிடும். இங்கே உறங்காது. கவாத்துக் கத்தரிதான் இங்கே குளிர்காலம். ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, அது கிளைக்காக. செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அது பழத்துக்காக. நம் மாமரம் பூத்துக் குலுங்கும் நாட்களில் அங்கே திராட்சையில் சர்க்கரை ஏறும், பிப்ரவரி மார்ச்சில் அறுப்பார்கள். அங்கே தொட்டிகளைக் கழுவிக் கவிழ்க்கும்போது எங்கள் கூழ் ஆலையில் சீசனுக்கு எந்திரங்களைத் துடைக்க ஆரம்பித்திருப்போம். 1980-களின் கடைசியில் குரோவர் குடும்பம் பிரெஞ்சுத் திராட்சை வகைகளை இந்தப் பக்கம் கொண்டுவந்தது. கர்நாடக அரசு 2007-இல் ஒயினுக்கென்றே தனிக் கொள்கை போட்டது. நாங்கள் போன ஆலைக் குடும்பம் அதற்குப் பிறகு இறங்கியது. அதற்கு முன்னால் அவர்களும் சந்தைக்குத் திராட்சை அனுப்பியவர்கள்தான்.

சுவைக்கும் அறையின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாலு ஒயினுக்கும் ஆல்கஹால், மிச்சச் சர்க்கரை, புளிப்பு, பி.எச். மற்றவர்கள் அதைப் பார்க்காமல் கிளாஸைக் கையில் எடுத்துவிடுவார்கள். எனக்கு அந்தத் தாள்தான் முதலில் கண்ணில் பட்டது. ஆலையில் தினமும் நான் எழுதும் தாளும் ஏறக்குறைய இதுதான். பழச்சாற்றில் லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஒரு சதவீதம் ஆல்கஹால் வரும். எல்லாவற்றையும் தின்னவிட்டால் இனிப்பில்லாத ஒயின். பாதியில் குளிரவைத்து நிறுத்தினால் இனிப்பு மிச்சம் நிற்கும். நம் பந்திக்கு எது சரிவரும் என்பதில் பாதிப் பதில் தாளில் அந்த மிச்சச் சர்க்கரைப் பத்தியிலேயே இருக்கிறது.

முதல் பாட்டில் செனின் பிளாங், வெள்ளை ஒயின். 700 ரூபாய். மிச்சச் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராம், அதாவது நாக்குக்கு இனிப்பே தெரியாது. வாயில் வைத்ததும் காய்ப்பருவம் தாண்டாத மாங்காயின் புளிப்பு. எங்கள் ஆலையில் பெங்களூரா மாம்பழக் கூழுக்கு ஒரு குணம் உண்டு. அல்போன்சாவின் வாசனை அதற்கு வராது, ஆனால் அதன் புளிப்புதான் கலவையைத் தூக்கிப் பிடிக்கும். இந்த ஒயின் அந்த ஜாதி. தனியாகக் குடித்தால் பெரிய விஷயமில்லை. கொண்டுபோயிருந்த மீன் வறுவலோடு குடித்தபோது எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டது. பிரியாணிக்கு முன்னால் வரும் வறுவல் தட்டுக்கு இது சரி. ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் இதை ஒரு வாய் குடித்துவிட்டு "மோர் மாதிரி புளிக்குதே" என்று கிளாஸை மெதுவாகத் தள்ளி வைப்பார்கள். ஐஸ் வாளி வேறு வேண்டும், 10 டிகிரி வாக்கில் இருந்தால்தான் இதற்கு முகம் தெரியும்.

இரண்டாவது ஷிராஸ், சிவப்பு. 1,200 ரூபாய். இதைப் பற்றித்தான் அண்ணனுக்கும் எனக்கும் ஃபோனில் அரைமணி நேரம் வாக்குவாதம். ஒயின் என்றால் சிவப்பு, அதுவும் விலை கூடியது, அதுதான் மரியாதை என்பது அவர் கட்சி. ஒயின் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. தோலோடு பத்து நாள் ஊறி, ஓக் மரப் பீப்பாயில் ஆறு மாதம் இருந்திருக்கிறது. மிளகு வாசம், நாவல்பழ நிறம். நாக்கில் பட்டதும் நாவல்பழம் தின்ற மாதிரியே பல்லில் ஒரு பிடிப்பு, அந்தத் துவர்ப்பு.

அந்தத் துவர்ப்புதான் பிரச்சினை. இதை நான் நினைத்துச் சொல்லவில்லை. அண்ணி முதல் நாள் செய்து கொடுத்தனுப்பிய பன்றிக்கறி மிளகு வறுவலும், காரமான கோழிக் குழம்பும் டிபன் பாக்ஸில் இருந்தன. ஒவ்வொரு ஒயினோடும் இரண்டையும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். ஷிராஸ் பன்றிக்கறியோடு அழகாகப் போனது, கொழுப்பு துவர்ப்பை மழுக்கிவிடுகிறது, மிளகும் மிளகும் கைகோத்துக்கொள்கின்றன. அடுத்த வாய் கோழிக் குழம்பு, மேலே ஒரு மடக்கு ஷிராஸ். காது வரைக்கும் எரிந்தது. மிளகாய்க் காரத்தின் மேல் ஆல்கஹால் போய் உட்கார்ந்தால் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பு அதை இன்னும் முரடாக்கும். இந்த ஒயினில் ஆல்கஹால் 13.5 சதவீதம், நாலில் இதுதான் அதிகம். எங்கள் பந்தியில் பன்றிக்கறி ஒரு கரண்டி என்றால் குழம்பும் பிரியாணியும் பத்துக் கரண்டி. பெரியப்பாவுக்கு ராகிக் களி இல்லாமல் கிறிஸ்துமஸும் இல்லை, அந்தக் களியைத் தொட்டு விழுங்குவதும் அதே குழம்பில்தான்.

மருமகளிடம் இதைச் சொன்னேன். தட்டிக் கழிக்கவில்லை. "இது இன்னும் சின்னப் பிள்ளைங்கண்ணா, ஒரு வருஷம் வெச்சிருந்தா அடங்கிடும்," என்றார். ஒரு வருடம் வைத்திருக்க கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவர முடியாது, வந்தாலும் ஏப்ரல், மே வெயிலில் எங்கள் மாடி வீட்டில் அது ஒயினாக இருக்காது. வைத்திருக்கும் வசதியில்லாதவர்கள் வைத்திருக்க வேண்டிய ஒயினை வாங்குவதில் என்ன இருக்கிறது?

மூன்றாவது ரோஸே. 750 ரூபாய். நான் பெரிதாக எதிர்பார்க்காத பாட்டில் இது. வெள்ளையையும் சிவப்பையும் கலந்து செய்கிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். இல்லை. இதுவும் அதே ஷிராஸ் திராட்சைதான். பத்து நாளுக்குப் பதில் நாலே மணி நேரம் தோலோடு வைத்து, சாற்றை இறக்கிவிடுகிறார்கள். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன என்பதால் நாலு மணி நேரத்தில் வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர் மாதிரி லேசாக நிறம் வருகிறது, துவர்ப்பு வருவதற்குள் தப்பித்துவிடுகிறது. மிச்சச் சர்க்கரை 14 கிராம். கேட்கும்போது அதிகம் போலத் தெரியும். நாங்கள் கூழ் அனுப்பும் மாம்பழ பானங்களில் லிட்டருக்கு 120 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், அதோடு வைத்துப் பாருங்கள். புளிப்பும் கூடவே இருப்பதால் இனிப்பு முன்னால் வந்து நிற்காது.

கோழிக் குழம்போடு இதைக் குடித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கொஞ்ச இனிப்பு காரத்தை ஒரு தட்டுத் தட்டி உட்காரவைக்கிறது, புளிப்பு அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் செய்கிறது. பந்தியில் வெங்காயப் பச்சடி செய்கிற வேலைதான். மச்சானுக்கு ஊற்றவில்லை, ஆனால் கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "கொய்யா வாசம் அடிக்குது மாமா," என்றான். கொய்யாதான், சிவப்புக் கொய்யா. பேர் தெரியாமல் தேடிக்கொண்டிருந்தேன், குடிக்காதவன் கண்டுபிடித்துவிட்டான். பன்றிக்கறியோடு மட்டும் இது கொஞ்சம் தண்ணீராகத் தெரிந்தது, அந்த ஒரு இடத்தில் ஷிராஸ் ஜெயித்தது.

இன்னொரு வசதி, திருகு மூடி. கார்க் திறப்பான் தேடி வீட்டைப் புரட்டிப்போடும் வேலை இல்லை. போன வருடம் கார்க்கை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி உள்ளே தள்ளி, தூளோடு குடித்த குடும்பம் நாங்கள்.

நாலாவது பெங்களூர் ப்ளூ இனிப்பு ஒயின். 450 ரூபாய். நாலில் விலை குறைவு, பேச நிறைய இருக்கிறது.

பெங்களூர் ப்ளூ ஒன்றும் நமக்குப் புதிதில்லை. தோல் தடித்த, கொட்டையுள்ள அந்தக் கருநீலத் திராட்சை. சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கமெல்லாம் அதுதான், 2013-இல் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது.  ஆனால் இது ஷிராஸ், செனின் வகையறா கிடையாது, வேறு குலம். அதன் வாசனையை வர்ணிக்கவே வேண்டாம், சின்ன வயதில் நாக்கு ஊதாவாகும் வரை சப்பிய திராட்சை மிட்டாய் வாசம்தான் அது. செயற்கைத் திராட்சை எசன்ஸில் போடும் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள் இந்தக் குலத்துத் திராட்சையில் இயற்கையாகவே இருக்கிறது. ஒயின் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் இந்த வாசத்துக்கே முகம் சுளிப்பார்கள். அண்ணன் அந்த ரகம்.

தாளைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். ஆல்கஹால் 10 சதவீதம், மிச்சச் சர்க்கரை 90 கிராம். பழத்தின் பிரிக்ஸ், அதாவது சாற்றின் சர்க்கரை அளவு, 17 சதவீதம் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. 17-இல் இரண்டும் எப்படி வரும்? மருமகள் சிரித்துவிட்டார். "சர்க்கரை சேர்த்திருக்கோம்ணா. பின்னாடி லேபிள்லயே போட்டிருக்கோம் பாருங்க." திருப்பிப் பார்த்தேன், இருந்தது. அந்த நேர்மைக்காகவே ஒன்று வாங்கலாம் என்று தோன்றியது. தரப் பரிசோதனைக்காரனைக் கவிழ்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

எங்கள் பெரியம்மாவுக்கு ஒயின் என்றால் இதுதான். பூசையில் சாமியார் பயன்படுத்தும் ஒயின் திராட்சையிலிருந்து வந்த, கெட்டுப்போகாத, இயற்கையான ஒயினாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வெளியே கடையில் விற்கும் எதுவும் அதற்கு ஈடாகாது என்பது பெரியம்மாவின் சட்டம். அந்தக் காலத்தில் அவரே போடுவார். பீங்கான் ஜாடியில் திராட்சையை மசித்து, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. தினமும் மரக்கரண்டியால் கிளற வேண்டும், இருபத்தோரு நாள். நான் ஏழாவது படிக்கும்போது, எறும்பு வருகிறதென்று ஜாடி மூடியை நன்றாக இறுக்கி, மேலே ஆட்டுக்கல் குழவியை வைத்துவிட்டேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் வாயு வரும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நடுராத்திரி வெடிச் சத்தம். சமையலறைச் சுவரில் ஊதாக் கறை, குழவி வாசற்படியில். அந்தச் சுவருக்கு மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தும் மழைக்காலத்தில் கறை எட்டிப் பார்க்கும்.

இப்போதும் சிலர் கேட்கிறார்கள், வீட்டிலேயே போட்டால் செலவு மிச்சம்தானே என்று. மிச்சம்தான். ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், கிறிஸ்துமஸுக்கென்று அதில் விலக்கு எதுவும் இல்லை. அதை நான் இந்த ஒப்பீட்டில் ஐந்தாவதாகச் சேர்க்கவே இல்லை.

பெங்களூர் ப்ளூ குழம்போடு எப்படி என்றால், ஒட்டவில்லை. கறிக்கு மேல் ஜாம் தடவின மாதிரி. ஆனால் தங்கச்சி கொடுத்தனுப்பியிருந்த பிளம் கேக்கின் ஒரு துண்டோடு, அப்புறம் ஒரு கலகலாவோடு சாப்பிட்டுப் பார்த்தேன். கேக்கின் இனிப்புக்கு முன்னால் செனின் வெறும் எலுமிச்சைத் தண்ணீராகிவிட்டது, ஷிராஸ் கசந்தது, ரோஸேகூடக் காணாமல் போனது. இது மட்டும் நின்றது. இனிப்பு வைக்கும்போது ஒயின் அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது அங்கே நாக்கில் தெரிந்தது. இதை 150 மில்லியெல்லாம் யாரும் குடிக்க மாட்டார்கள். சின்னக் கிளாஸில் 60 மில்லி ஊற்றினால் ஒரு பாட்டில் பன்னிரண்டு பேருக்கு வரும்.

இவை தவிர, அதே பெங்களூர் ப்ளூவில் புளிக்கவைக்காத சாறும் வைத்திருக்கிறார்கள், பாட்டில் 180. நன்றாகச் சூடேற்றி அடைத்தது, சர்க்கரை சேர்க்காதது. பிள்ளைகளுக்கும் தங்கச்சிக்கும் மச்சானுக்கும் அதுதான். பெரியப்பாவுக்கு அதுவும் வேண்டாம், திராட்சையின் சொந்தச் சர்க்கரையே போதும் போதும் என்றிருக்கிறது. அவருக்கு மோர்.

கடைசியில் நான் சொன்ன கணக்கு: ரோஸே நாலு, செனின் ஒன்று, பெங்களூர் ப்ளூ ஒன்று. பிரியாணி, குழம்பு, களி மூன்றுக்கும் ரோஸே ஓடும். செனின் முதலில் வறுவல் தட்டோடு திறந்து, விரும்புகிறவர்களுக்கு மட்டும். கேக் வெட்டும்போது இனிப்பு. எல்லாம் சேர்த்து 4,150 ரூபாய். அண்ணன் சொன்னபடி பன்னிரண்டு ஷிராஸ் எடுத்திருந்தால் 14,400.

பெரியவர் பில் போடும் நேரத்தில் அண்ணனிடமிருந்து ஃபோன். "ஷிராஸ் ஒண்ணாவது போடுடா. மாமனார் வர்றார், வெள்ளை, பிங்க்கெல்லாம் வெச்சா என்ன நினைப்பார்?"

"ஏழாவது பாட்டில் உங்க காசுண்ணா," என்றேன். ஒத்துக்கொண்டார். பன்றிக்கறிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே அதை வைக்கச் சொல்லியிருக்கிறேன். குழம்போடு குடித்துவிட்டு மாமனார் காதைத் தேய்த்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

திரும்பும் வழியில் சந்தாபுராவில் இறங்கி, ஏழு பாட்டிலையும் படிக்கட்டுக்குக் கீழே வெயில் படாத மூலையில் வைத்தோம். ஷிராஸ் ஒன்றுக்குத்தான் கார்க், அதைப் படுக்கவைத்தேன். கார்க் திறப்பான் ஒன்றும் வாங்கி, நூல் கட்டி அதன் கழுத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். சாறு பாட்டில் ஆறையும் கிருஷ்ணகிரிக்கு எடுத்துவந்தேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, சாறு பாட்டிலில் இரண்டு ஏற்கெனவே காலி.